நகரசபையும் நிறவேற்றுமையும்

அரசியல் என்னும் சொல்லைக் கேட்டவுடனே நம் மனம் தலைநகரங்களையும் சட்டசபைகளையும் நாடிச் செல்கின்றது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை முதலியவற்றைக் கவனிக்கும் நகரசபையை நாம் அத்துணைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆயினும், ஒருவன் எத்தெருவிற் குடியிருக்கலாம், நகரத்தின் பணத்தில் அவன் தொழிலுக்குப் பங்கு உண்டா, அவன் உழைப்புக்குக் கூலி யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெரும்பாலும் அச்சிறிய சபையின் ஏடுகளிலேயே எழுதப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சில நகரங்களின் வரலாற்றைக் கொண்டு இவ்வுண்மையை விளக்குதலே யாம் இங்கு மேற்கொண்ட பொருளாம்.

முதலாவது, குடியிருப்பு. 1910-ஆம் ஆண்டிற் பால்ட்டிமோர் நகரில் ஜார்ஜ் மெக்மெக்கன் என்னும் கறுப்பின வழக்கறிஞர், வெள்ளையர் வாழ்ந்த தெரு ஒன்றிற் குடியேறினார். அவர் யேல் சர்வகலாசாலையிற் சட்டம் பயின்றவர். கல்வியும் தொழிலும் உடையவராயினும் அவர் நிறத்தை அயலார் பொறுத்திலர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே நகரசபை ஒரு சட்டம் இயற்றிற்று. வெள்ளையர் மிகுதியாக வாழும் தெருப்பகுதியிற் கறுப்பினத்தார் புதிதாகக் குடிபுகலாகாது. கறுப்பினத்தார் மிகுதியாக வாழும் பகுதியில் வெள்ளையரும் புகலாகாது என்பது அதன் சாரம். சொல்லளவில் இருசாரார்க்கும் ஒரே விதி. செயலளவிலோ நல்ல வீடும் அகன்ற வீதியும் ஒருசாரார்க்கே உரியவாயின. பிற நகரங்களும் இதனைப் பின்பற்றின.

லூயிவில் நகரத்தின் இத்தகைய சட்டம் ஒன்று செல்லாதென 1917-ஆம் ஆண்டிற் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். ஆயினும் வேற்றுமை ஒழிந்ததோ எனின், இல்லை. சட்டப்புத்தகத்தினின்று நீங்கிய விதி, வீட்டுக் கிரயப் பத்திரங்களுக்குள்ளும், கடன் கொடுப்போர் கணக்குகளுக்குள்ளும், சிறு மனைகளையும் வாடகைக் கட்டடங்களையும் விலக்கிய மனைப்பிரிவு விதிகளுக்குள்ளும் புகுந்துகொண்டது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கலாகாது என்னும் நாடு தழுவிய சட்டம் 1968-ஆம் ஆண்டிலேதான் வந்தது. தந்தை வாங்கிய வீடே மகனுக்குக் கைமுதல் ஆகின்றது. அவ்வீட்டை வாங்கவொட்டாது இரண்டு தலைமுறை தடுக்கப்பட்ட குடும்பம் மூன்றாம் தலைமுறையிலும் வறுமையுற்றிருப்பதில் வியப்பென்ன? வேலியே பயிரை மேய்ந்த கதை இஃதாம்.

இரண்டாவது, நகரத்தின் பணம். நகரசபை பாலம் கட்டுகின்றது, சாலை போடுகின்றது, பற்பல பொருள்களை விலைக்கு வாங்குகின்றது. இவற்றுக்காகும் பணம் எல்லாரிடத்தும் வாங்கிய வரிப்பணமே. அது யாவர் கைக்குத் திரும்பிச் செல்கின்றது என்பதே வினா. 1970-ஆம் ஆண்டளவில் அட்லாண்ட்டா நகரத்தாரிற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார். 1973-ஆம் ஆண்டில் அந்நகரசபையின் கண்டிராக்டுகளில் அவர்தம் நிறுவனங்கள் பெற்றதோ நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர்களை விலக்குக என ஏட்டில் எழுதவேண்டிய தேவையே இருந்ததில்லை. டெண்டரின் நிபந்தனைகளே அதனைச் செய்து முடித்தன. பெருவேலை கேட்பவன் முன்னரே பெருவேலை செய்திருத்தல் வேண்டும். வேலை இடையில் நின்றுபோயின் ஈடுசெய்தற்கு ஜாமீன் காட்டல் வேண்டும். முன்பு வேலை கிடைத்திராதவனுக்கு அநுபவம் ஏது? அநுபவம் இல்லாதவனுக்கு ஜாமீன் நிற்பார் யார்? நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குக என்பது போன்றது இந்நிபந்தனை.

1974-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மேய்னர்டு ஜாக்சன் என்பார் தமது 35-ஆம் வயதில் அட்லாண்ட்டாவின் மேயராயினார். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள பெருநகரம் ஒன்றுக்குக் கறுப்பினத்தார் ஒருவர் மேயரானது அதுவே முதன்முறை. அக்காலத்தில் நகரம் ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவில் விமான நிலையத்தைப் புதிதாக அமைக்க முனைந்திருந்தது. அவ்வேலையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சிறுபான்மையோர் நிறுவனங்களுக்குச் சேர்தல் வேண்டும் என்று மேயர் வற்புறுத்தினார். அதற்கு அவர் கண்ட வழி கூட்டுமுயற்சி. பெரிய கம்பெனியும் சிறிய கம்பெனியும் கூடி டெண்டர் அனுப்பும். பெரியதன் ஜாமீன் சிறியதையும் தாங்கும். சிறியது வேலையைக் கற்று, அடுத்த முறை தன் காலிலே நிற்கும். செலவு பெருகும், காலம் தாழ்க்கும் என்று பலர் எதிர்த்தனர். மேயர் அசைந்திலர். 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்நிலையம் குறித்த காலத்திலேயே திறக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அந்நிலையத்தின் பெயரோடு அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

இத்திட்டத்தில் குறையே இல்லை என்று யாம் கூறோம். பெயரளவிற் சிறுபான்மையோரை முன்னிறுத்திப் பின்னே பிறர் ஊதியம் கொள்ளும் பினாமி நிறுவனங்களும் இத்தகைய திட்டங்களிற் கிளைத்தன. அதனினும் ஆழ்ந்த குறை ஒன்று உண்டு. 1970-ஆம் ஆண்டில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அன்று துணைமேயராயிருந்த ஜாக்சன் அவர்கள் பக்கம் நின்றார். 1977-ஆம் ஆண்டில் அத்தொழிலாளர் மீண்டும் கூலியுயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அப்பொழுது மேயராயிருந்த அவரே, கருவூலத்திற் பணமில்லை என்று கூறி, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவரை வேலையினின்று நீக்கினார். நீக்கப்பட்டவருட் பெரும்பாலோர் கறுப்பினத்து ஏழைகள். கண்டிராக்டர் ஏறுதற்கு ஏணி வைத்த கைதான், குப்பை வாருவோரின் பிழைப்பைப் பறித்தது. நிறத்தால் வந்த வேற்றுமையைத் தீர்க்கப் புகுவோர், பொருளால் வந்த வேற்றுமையை மறத்தலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆதலின் மூன்றாவதாகிய கூலிக்கு வருவோம். மீண்டும் பால்ட்டிமோருக்கே செல்லல் வேண்டும். அந்நகரத்துத் தேவாலயங்களில் ஏழைகட்கு உணவளித்துவந்த போதகர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். உணவுக்கு வந்து நின்றவருட் பலர் வேலையற்றவர் அல்லர். நாள் முழுதும் உழைத்தவர். அவருட் சிலர் நகரசபைக் கண்டிராக்டர்களிடமே கூலி வாங்கியவர். நகரத்தின் வேலையைச் செய்து, அன்னதானத்துக்குக் கையேந்தும் நிலை! திருச்சபைகளும் தொழிற்சங்கமும் ஒன்றுகூடிக் கிளர்ச்சி செய்தன. அதன் பயனாக 1994-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நகரசபையின் வேலையை ஏற்கும் கண்டிராக்டர் வாழ்க்கைக்குப் போதிய கூலி கொடுத்தே தீரவேண்டும் என்னும் சட்டம் கையெழுத்தாயிற்று. நாட்டுச் சட்டத்தின்படி குறைந்த கூலி மணிக்கு 4.25 டாலராயிருக்க, 1995-ஆம் ஆண்டில் இச்சட்டம் 6.10 டாலர் என விதித்தது. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இத்தகைய சட்டங்களை இயற்றின. இதனால் நேரே பயன்பெறுவோர் தொகை சிறிதே. ஆயினும் பயன் கடைசிப் படியில் நிற்பவனைச் சென்று சேர்ந்தது.

நகரசபையின் அதிகாரம் எல்லையற்றதன்று என்பதையும் கூறுதல் முறை. கண்டிராக்டுத் தொகையில் நூற்றுக்கு 30 பங்கு சிறுபான்மையோர்க்குச் சேரவேண்டுமென ரிச்மாண்டு நகரம் இயற்றியிருந்த விதியை 1989-ஆம் ஆண்டிற் சுப்ரீம் கோர்ட்டார் தள்ளினர். பொதுவாக நாட்டில் அநீதி நடந்தது என்பது போதாது. இந்நகரில், இத்தொழிலில் நடந்தது என்று காட்டுக என்பது அவர் தீர்ப்பு. அதே ஆண்டில் அட்லாண்ட்டாவின் திட்டமும் அம்மாகாணத்துக் கோர்ட்டில் வீழ்ந்தது. அதன்பின் நகரங்கள் பல, தம் கணக்கேடுகளைத் திறந்து, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஆராயத் தொடங்கின. டெண்டர் முறையை எளிதாக்குக, ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்துக, எவ்வினத்தாராயினும் நலிந்தோர்க்குப் பயிற்சியும் பண உதவியும் அளிக்க என்னும் வழிகளை அத்தீர்ப்பே திறந்து வைத்திருந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? அநீதி எப்பொழுதும் கூச்சலிட்டுக்கொண்டு வருவதில்லை. மனைவிதியாகவும், டெண்டர் நிபந்தனையாகவும், கூலிப்பட்டியாகவும், கையெழுத்துக்காக மேசைமேல் அமைதியாகக் கிடக்கின்றது. எழுதியதனால் வந்த கேட்டை வேறு எழுதித்தான் மாற்றல் வேண்டும். நம் மாணவருட் சிலர் நாளை எந்த ஊரிலேனும் பொறியாளராகவும் கணக்கராகவும் சபை அங்கத்தினராகவும் அமர்வர். அன்று ஒரு காகிதம் கையெழுத்துக்கு வரும்போது, இதனால் வெளியே நிற்கப்போகிறவன் யார் என்று ஒருமுறை கேட்பாராயின், அவர் கற்ற கல்வி வீணாகாது.