ஜீன்ஸ் யாருக்குப் பொருந்தும்?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். அந்த ஆடைப் பாதி ஆள் பாதியோடு ஒட்டாவிட்டால் குற்றம் யார் மீது?

இரண்டாண்டுகளுக்கு முன் தியாகராய நகர்க் கடையொன்றில் ஏழு ஜீன்ஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். 30 அளவு தொடைக்கு மேல் ஏற மறுத்தது. 34 ஏறியது, ஆனால் முதுகுப்புறம் ஒரு கை நுழையும் அளவுக்கு இடையில் இடைவெளி. விற்பனையாளர், "உங்க உடம்புக்கு ஜீன்ஸ் செட் ஆகாதும்மா, சுடிதார் பாருங்க" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். குற்றம் என் உடம்பின் மீதுதான் என்று நம்பி, பல நாள் இரவுச் சோற்றைத் தள்ளிவைத்தேன். மெலிந்தது இடைதான். முதுகுப்புற இடைவெளி இன்னும் பெரிதாயிற்று!

உண்மையைச் சொன்னவர் மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால், ஒரு சந்தில், ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர். டேப்பை இடையில் ஒருமுறையும், பின்புறத்தின் அகன்ற பகுதியில் ஒருமுறையும் சுற்றினார். "வெயிஸ்ட் முப்பது, சீட் நாப்பத்தொண்ணு. பதினோரு இஞ்ச் வித்தியாசம். ரெடிமேடுல அவ்வளவு விட்டு வெட்ட மாட்டான். உடம்புல என்னம்மா தப்பு? தப்பு வெட்டுல இருக்கு" என்றார்.

அந்த வெட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லெவி ஸ்ட்ராஸ் என்ற துணி வணிகரும் 1873 மே 20 அன்று அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, பைகளின் மூலை கிழியாதிருக்கச் செப்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு. அணிந்தவர்கள் உடலுழைப்பு ஆண்கள். பெண்களுக்கென அந்நிறுவனம் தனியே ஒரு ஜீன்ஸை வெட்டியது 1934இல்தான். அறுபத்தோராண்டு கழித்து! நம் நாட்டு உடலை அளக்கும் முயற்சி அதனினும் தாமதம். தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம் (அதன் வளாகம் ஒன்று நம் தரமணியில் இருக்கிறது) ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை அளக்கும் திட்டத்தை 2018இல்தான் அறிவித்தது. அதுவரை அயல்நாட்டு அளவுகளை ஒட்டியே கடைகள் காலம் தள்ளின.

ஆகவே தோழர்களே, கடைக்குப் போகுமுன் டேப்பை எடுங்கள். லேபிளில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். ஒரே 32 கடைக்குக் கடை மாறும். இடை, சீட், தொடை, உள்கால் நீளம் ஆகிய நான்கோடு 'ரைஸ்' எனப்படும் ஐந்தாவது அளவும் உண்டு. கால்கள் பிரியும் தையலிலிருந்து இடைப்பட்டி வரையுள்ள உயரம் அது. பொருத்தத்தின் சூட்சுமம் பெரும்பாலும் இதில்தான்.

என்னைப் போல் சீட் அகன்று இடை சிறுத்தவர்கள் சீட்டுக்கு வாங்கி இடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மறுதலையாகச் செய்ய இயலாது. பின்பக்க நடுத்தையலில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். பின்புறத்தில் இடைப்பட்டிக்குக் கீழே V வடிவில் ஒரு துண்டு இருக்கும்; அதற்கு 'யோக்' என்று பெயர். அந்த V எவ்வளவு ஆழமோ, அவ்வளவு வளைவுக்கு இடம் கிடைக்கும். ரைஸ் உயரமாகவும், கால் நேராகவும் இருப்பது நலம்.

தொந்தி விழுந்தவர்கள் (பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க) தாழ்ந்த ரைஸை வாங்கித் தொந்திக்குக் கீழே கட்டுகிறார்கள். பின்புறம் தட்டையாக இருந்தால் பிடிப்பு ஏது? நடக்க நடக்க இறங்கும். முன் ரைஸ் கூடுதலாக உள்ளதை வாங்கி இயல்பான இடையில் அணிந்தால் நிற்கும். ஒல்லியானவர்களுக்கு ஒட்டிப்பிடிக்கும் 'ஸ்கின்னி' குச்சியைத்தான் காட்டும். சற்றே விறைப்பான துணியில் நேர்க்கால் எடுப்பாயிருக்கும். குள்ளமானவர்கள் கணுக்காலில் மடிப்பு குவியாமல் நீளத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் ஒருமுறை துவைத்த பிறகே குறைக்கவும். சுருக்கம் போக்காத டெனிம் நூற்றுக்குப் பத்து வரைகூடச் சுருங்கும்.

துணியைப் பற்றியும் ஒரு சொல். டெனிமின் எடை ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடப்படும். நம் சித்திரை வெயிலுக்கு 8 முதல் 10 அவுன்ஸ் தாராளம். 14 அவுன்ஸ் வாங்கினால் வியர்வையில் நீந்தலாம். நூற்றுக்கு ஒன்றிரண்டு ஸ்பான்டெக்ஸ் கலந்தது சில மணி நேரத்தில் தளரும். எனவே வாங்கும்போது சற்று இறுக்கமாகவே இருக்கட்டும். போட்டதும் கண்ணாடி முன் நிற்பது போதாது. குந்துங்கள், உட்காருங்கள், 29சி பேருந்தின் படி உயரத்துக்குக் காலைத் தூக்குங்கள்.

அகமதாபாத்தின் அரவிந்த் மில் 1990களில் 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பெயரில் துணி, ஜிப், ரிவெட், லேபிள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக விற்றது. வாங்கி ஊர்த் தையற்காரரிடம் கொடுத்தால் அவரவர் அளவுக்கு ஜீன்ஸ் தயார். அப்பொட்டலத்தை மயிலைப் பெரியவரும் நினைவு வைத்திருந்தார். "அப்போ யாரும் எனக்கு செட் ஆகலன்னு வந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே, நான் வாங்கிவந்த 34இன் இடைப்பட்டியைப் பிரித்தார்.

மறுநாள் மாலை போட்டுப் பார்த்தேன். குந்தினேன், எழுந்தேன். முதுகுப்புறம் விரல்கூட நுழையவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டது: "சோறு இருக்கா?"