நாற்பது எக்ஸ் இருக்கிறது, கண் வைக்க இடம்?

பயணப் பை – 9

போன வாரம் பையின் எடையைக் குறைப்பது பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பலவும் கடைசியில் கேமராவில் வந்து நின்றன. ‘செல்போன் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு?’ என்று ஒரு கட்சி. ‘பாக்கெட்டில் போகிற அளவில், நல்ல ஜூமோடு எதை வாங்கலாம்?’ என்று இன்னொரு கட்சி.

முதல் கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. குடும்பத்தோடு நின்று எடுக்கும் படம், சாப்பாட்டு இலை, ரயில் ஜன்னல், இரவுக் கடைவீதி எல்லாவற்றுக்கும் போன் போதும். இருட்டில் அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, அவற்றைக் கலந்து ஒரே படமாகத் தந்துவிடுகிறது. கோயில் பிராகாரத்துக்குள் நின்று எடுப்பதென்றால் நானும் போனைத்தான் எடுப்பேன்.

போன் திணறுவது தூரத்தில். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், வடக்கு முகத்தில், தொப்பி வைத்த உருவம் ஒன்று இருக்கிறது. ‘அதோ பாருங்கள், வெள்ளைக்காரர்’ என்று வழிகாட்டிகள் கையை நீட்டுவார்கள். அது யார், எந்தக் காலத்தில் வந்தது என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். கீழே பிராகாரத்தில் அண்ணாந்து நிற்கிறவருக்கு அந்த முகம் ஒரு கடுகளவுதான். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் கல்லின் செதுக்கல் எல்லாம் தண்ணீர் பட்ட கோலம் மாதிரி கலைந்துவிடும். லென்ஸ் எட்டாத தூரத்தைப் போன் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அந்தக் கணக்குக்குக் கண், மூக்கு என்று விவரம் தெரியாது. நிஜ லென்ஸ் ஜூம் உள்ள சின்னக் கேமராவில் அந்தத் தொப்பியின் விளிம்பு வரை பிடிக்கலாம்.

பிடிக்கலாம் என்றேன். எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உச்சி வெயிலில் கையை நீட்டிக் கேமராவைப் பிடித்தால் பின்பக்கத் திரையில் தெரிவது நம் சட்டையும் மேலே வானமும்தான். விமானம் எங்கே, தொப்பிக்காரர் எங்கே என்று தேடுவதற்குள் கை ஆடுகிறது, பிடித்திருந்த உருவம் நழுவுகிறது. சாதாரண 24 மி.மீ. பார்வையில் கேமரா பக்கவாட்டில் ஏறக்குறைய 74 டிகிரியைப் பார்க்கிறது. 360 மி.மீ.க்கு ஜூம் போனால் ஆறு டிகிரிக்கும் குறைவு. அவ்வளவு குறுகலான ஜன்னல் வழியாக ஒன்றைத் தேடுவதற்குக் கேமரா அசையாமல் இருக்க வேண்டும், திரையும் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகத் தருவது கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். கேமராவைப் புருவத்தோடு ஒட்டி, இரண்டு முழங்கைகளையும் விலாவில் அழுத்திக்கொண்டால் கை, கை, முகம் என்று மூன்று முட்டு கிடைத்துவிடும். கண் மூடின இடத்தில் வெயில் நுழையாது.

அதனால்தான் சொல்கிறேன், ஜூம் நீளமாக நீளமாக வியூஃபைண்டரின் தேவையும் கூடுகிறது. சந்தையில் நடப்பது நேர்மாறு.

கடைக்குப் போய்ப் பாருங்கள். “சார், இது நாற்பது எக்ஸ். அது வெறும் எட்டு எக்ஸ்தான், விலையோ இரண்டு பங்குக்கு மேல்” என்பார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை. அந்த எக்ஸ் என்பது லென்ஸின் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்து வருவது. கேனன் எஸ்எக்ஸ்740 கேமராவில் 24 முதல் 960 மி.மீ. வரை, ஆகவே நாற்பது. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7இல் 24 முதல் 200, ஆகவே எட்டு. நாற்பது எக்ஸ் கேமராவில் கண் வைக்க ஓட்டை கிடையாது. எட்டு எக்ஸ் கேமராவில் மூலையிலிருந்து ஒரு சின்ன வியூஃபைண்டர் மேலே எழும்பும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பாக்கெட்டில் போகும் கேமராவின் லென்ஸ் எவ்வளவு அகலம் இருக்க முடியும்? சோனி எச்எக்ஸ்99 கேமராவை எடுத்துக்கொள்வோம். முப்பது எக்ஸ், 24 முதல் 720 வரை. சென்சார் போன் சென்சார் மாதிரி சின்னது. பானசோனிக் டிஇசட்200 (அமெரிக்காவில் இசட்எஸ்200 என்று பெயர்) பதினைந்து எக்ஸ்தான், 24 முதல் 360. ஆனால் சென்சாரின் பரப்பு நான்கு மடங்கு. இரண்டையும் முழு ஜூமில் வைத்து வெளிச்சம் நுழையும் வாயின் அகலத்தைக் கணக்கிட்டால் இரண்டுமே ஏறக்குறைய 20 மி.மீ. அதாவது தூரத்து மரத்தில் இருக்கும் அதே கொக்கிடமிருந்து இரண்டு கேமராவுக்கும் வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெட்டியின் மேல் ‘30’ என்று போட்டிருப்பதால் கூடுதலாக ஒரு சொட்டு வெளிச்சம் வந்துவிடாது. ஜூம் போகாமல் அகலமாக எடுக்கும்போதோ டிஇசட்200 ஐந்து மடங்குக்கும் மேல் வெளிச்சம் வாங்குகிறது. பயணத்தில் நாம் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை அகலப் படங்கள்.

‘ஒரு இன்ச் சென்சார்’ என்று விளம்பரத்தில் வருவது இந்தப் பெரிய ரகம்தான். ஸ்கேல் வைத்து அளந்தால் 13.2க்கு 8.8 மி.மீ.தான் இருக்கும், பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாக்கெட் ஜூம் கேமராவில் இது இருந்தால் நல்லது, இல்லையென்றால் விலை நன்றாகக் குறைய வேண்டும். அவ்வளவுதான்.

கண் வைத்துப் பார்க்கும் வசதி ஒன்றும் புது ஆடம்பரம் கிடையாது. ஃபிலிம் காலத்தில் அது இல்லாத பாக்கெட் கேமராவே இல்லை, ஏனென்றால் வேறு வழியே இல்லை. 1986இல் பென்டாக்ஸ் கொண்டுவந்த ஜூம்-70, ஜூம் லென்ஸோடு வந்த முதல் 35 மி.மீ. காம்பாக்ட். 35 முதல் 70 வரைதான், இரண்டே எக்ஸ்! 1995இல் கேசியோ க்யூவி-10 பின்பக்கத் திரையோடு வந்தது. அங்கே ஆரம்பித்தது மாற்றம். கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழைய வியூஃபைண்டரைக் கேனன் ஜி வரிசை 2013இன் ஜி16 வரை விடாமல் வைத்திருந்தது. அதில் படத்தின் ஓரங்கள் தெரியாது, ஜூம் போகாத அகலப் பார்வையில் லென்ஸ் குழலே கொஞ்சம் மறைக்கும். இருந்தாலும் வெயிலில் கை கொடுத்தது.

அதன் இடத்துக்கு வந்ததுதான் குட்டித் திரையைக் கண்ணுக்குள் காட்டும் மின்னணு வியூஃபைண்டர். பானசோனிக் 2014இல் டிஇசட்60 கேமராவில் வைத்தது 2 லட்சம் புள்ளிகள் கொண்டது. சாவித் துவாரம் வழியாகத் தொலைக்காட்சி பார்ப்பது எவ்வளவு சுகமோ அவ்வளவு சுகம். 2018இல் வந்த டிஇசட்200இல் 23 லட்சம் புள்ளிகள். இது பார்க்கத் தகுந்தது. தலையைச் சட்டென்று திருப்பினால் அதில் சிவப்பும் பச்சையும் கீற்றாகத் தெறிப்பதைச் சிலர் கவனிப்பார்கள், சிலருக்குத் தெரியவே தெரியாது. சோனியின் ஆர்எக்ஸ்100 மார்க் 7இலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். ஓஎல்இடி என்பதால் அந்தக் கீற்று இல்லை.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் பின்பக்கத் திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மங்கல்தான். கண்ணாடியைப் போட்டால் திரை தெரியும், கோபுரம் மங்கும். கழற்றினால் கோபுரம் தெரியும், திரை மங்கும். வியூஃபைண்டரின் பக்கத்தில் ஒரு சின்ன சக்கரமோ தள்ளும் பொத்தானோ இருக்கும். டயாப்டர் என்பார்கள். உள்ளே தெரியும் எழுத்துகள் பளிச்சென்று ஆகும்வரை அதைத் திருப்பிவிட்டால் படிக்கும் கண்ணாடியே வேண்டாம். இந்தப் பொத்தானைப் பற்றித் தெரியாமல் ‘வியூஃபைண்டர் கலங்கலாக இருக்கிறது’ என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

எப்போதும் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே கண் வைத்துப் பாருங்கள். படத்தின் நான்கு மூலைகளும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இடது கண்ணால் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு: சின்னக் கேமராக்களில் வியூஃபைண்டர் இடது மூலையில் இருப்பதால் மூக்கு தொடுதிரையில் போய் அழுந்தும், ஃபோகஸ் வேறெங்கோ தாவும். மெனுவில் தொடுதலை நிறுத்திவிடலாம். வாங்கும்போதே கடையில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

மேலே எழும்பும் வகையா, உடம்போடு நிலையாக உள்ள வகையா? எனக்கு நிலையானதுதான் பிடிக்கும். எடுத்தவுடன் கண்ணில் வைக்கலாம். பேருந்து ஜன்னலில் மயில் தெரிகிற இரண்டு விநாடியில் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எழும்பும் வகையின் லாபம், கேமரா சட்டென்று பாக்கெட்டில் நுழையும். ஆர்எக்ஸ்100 மார்க் 7 வெறும் 302 கிராம், டிஇசட்200 340 கிராம். இந்த 38 கிராமுக்காக யாரும் அலட்டிக்கொள்ள வேண்டாம்.

பறவைக்காரர்கள் இந்தக் கட்டுரையில் பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது. வேடந்தாங்கல் கோபுரத்திலிருந்து மரத்தில் கூடு கட்டும் நாரையைக் கண் தெரிய எடுக்க 360 மி.மீ. போதாது. அதற்கு சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 மாதிரி 600 வரை போகும் கேமரா வேண்டும். அது ஒரு கிலோவுக்கு மேல். பாக்கெட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

இனி எதை வாங்குவது? கைநிறையக் காசு இருந்தால் ஆர்எக்ஸ்100 மார்க் 7. வேகத்திலும் ஃபோகஸிலும் இந்த அளவில் அதற்குப் போட்டியில்லை. 2019இல் வந்தபோதே சுமார் 1,200 டாலர். சார்ஜ் போடப் பழைய மைக்ரோ யுஎஸ்பி கேபிள்தான். பேட்டரியும் சின்னது, இன்னொன்று சேர்த்து வாங்கித்தான் ஆக வேண்டும். கோபுரச் சிற்பம், மலைமுகடு, தூரத்துக் கப்பல் என்று ஆசை உள்ளவர்களுக்கு 200 மி.மீ. கொஞ்சம் குறைவாகவும் தெரியும். அவர்களுக்கு டிஇசட்200தான் என் தேர்வு. அதன் லென்ஸ் எஃப் 3.3இல் ஆரம்பித்து, முழு ஜூமில் வெளிச்சம் குறைவாக வாங்கும் எஃப் 6.4க்குப் போய்விடும். பகலில் கவலையில்லை, அந்தி சாய்ந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

புதிதாக வருபவற்றை நம்பிக் காத்திருக்கலாமா என்று கேட்டால், போக்கு சரியில்லை. டிஇசட்95 கேமராவில் வியூஃபைண்டர் இருந்தது. 2025இல் அதன் வாரிசாக வந்த டிஇசட்99இல் யுஎஸ்பி-சி வந்தது, வியூஃபைண்டர் போய்விட்டது. ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் கேமராக்களுக்கும் யுஎஸ்பி-சி துளையைக் கட்டாயமாக்கியது. கண் வைக்கும் துளைக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லை.

ஆகவே பழையதைத் தேட வேண்டியிருக்கும். அதில் ஒரே பெரிய ஆபத்து தூசி. இந்த லென்ஸ்கள் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும், கூடவே தூசியையும். சென்சாரில் ஒட்டிவிட்டால் நாம் துடைக்க வழியில்லை, கேமராவைப் பிரித்தாக வேண்டும். வாங்கும் முன் அப்பர்ச்சரை எஃப் 8இல் வைத்து, முழு ஜூமில், வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். திரையில் அதைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலான பொட்டுகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பில் இல்லாமல் வாங்குவதானால் ரிப்பேர் செலவு முழுக்க உங்கள் தலையில் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேமரா வாங்க மத்தியான வேளையில் போங்கள். கடையின் விளக்கில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு வந்து, எதிர்ச் சாரியின் பெயர்ப் பலகையை முதலில் திரையிலும் பிறகு வியூஃபைண்டரிலும் முழு ஜூமில் படியுங்கள். கண் வைத்தும் படிக்க முடியவில்லையென்றால் அந்தக் கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)