மாண்டரின் மீனின் மேய்ச்சல் நிலம்

உப்புநீர்த் தொட்டி அமைத்து மீன் வளர்க்கும் ஆர்வம் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்ட இந்நாளில், மாண்டரின் மீனை ஒருமுறை கண்டவர்கள் அதைத் தம் வீட்டிலும் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது இயல்பே. ஆள்காட்டி விரலின் நீளமே உள்ள அதன் மேனியில், ஆழ்ந்த நீலப் பரப்பின்மீது செம்மஞ்சள் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. பிராணிகளிடம் நாம் காணும் நீலம் பெரும்பாலும் ஒளியின் சிதறலால் விளையும் தோற்றமே. இம்மீனின் தோலிலோ மெய்யான நீல நிறமி நிறைந்த உயிரணுக்களே இருக்கின்றன என்பதை 1995இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள். செதில் கிடையாது, துர்நாற்றமுடைய வழுவழுப்பான படலமே அதற்குக் கவசம். ரியூக்யூ தீவுகள் முதல் ஆஸ்திரேலியா வரையுள்ள மேற்குப் பசிபிக் சமுத்திரம் அதன் தாயகம்.

இத்தகைய அபூர்வ ஜீவன் வீட்டுத் தொட்டிகளில் மாண்டுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் நோயன்று, பசி. மற்ற மீன்களெல்லாம் தூவிய தீனியை நோக்கிப் பாய்ந்து வருகையில், இது பாறையை ஒட்டியே மெல்ல நகர்ந்து, சற்று நின்று, துருத்திய கண்களை உருட்டி ஓரிடத்தை உற்று நோக்கி, சிறு வாயை முன்னே நீட்டி ஒரு கொத்துக் கொத்திவிட்டு அப்பால் செல்லும். பகற்பொழுதெல்லாம் இதே தொழில். அசையாத தீனியைப் பெரும்பாலான மாண்டரின்கள் ஆகாரமாகவே மதிப்பதில்லை. ஒவ்வொரு கொத்துக்கும் அகப்படுவது மணல் துகளளவு ஜந்து ஒன்றுதான் என்பதால், காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று தீனி வைக்கும் நம் வழக்கம் அதற்குச் சிறிதும் பொருந்தாது. ஆடுமாடுகளுக்குப்போல அதற்கும் வேண்டுவது மேய்ச்சல் நிலமே. அந்நிலத்தை மீன் வருவதற்கு முன்பே உண்டாக்கி வைக்க மனமில்லாதவர் இம்மீனை வாங்காதிருப்பதே தருமம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அங்கே விளைய வேண்டியவை துடுப்புக்காலிகள். இறால், நண்டு ஆகியவற்றின் பெருங்குலத்தைச் சேர்ந்த, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரையும் எட்டாத இப்பிராணிகளை மீன் வளர்ப்போர் ‘பாட்ஸ்’ என்றே சொல்வார்கள். நம் ஊருக்கு இவை அந்நியமானவை அல்ல. சென்னையின் உவர்நீர்ப் பிராணிகளைப் பற்றிப் பணிக்கரும் கோபால ஐயரும் 1937இல் விரிவான ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார்கள். 1951இல் கிருஷ்ணசுவாமி என்னும் ஆராய்ச்சியாளர், சென்னைக் கடற்கரை மணலுக்குள் வாழும் துடுப்புக்காலிகளில் மூன்று புதிய இனங்களை உலகுக்கு அறிவித்தார். மாலையில் காற்று வாங்க வருபவர்கள் மிதித்து நடக்கும் அதே மணலில், இம்மீனின் இரைக்கு உறவான கூட்டம் குடியிருக்கிறது! ஆயினும் அதற்காக அடையாற்று முகத்துவாரத்து நீரை மொண்டுவந்து தொட்டியில் ஊற்றிவிடலாகாது. நகரத்தின் கழிவு அதில் கலந்திருக்கிறது.

தொட்டி 200 லிட்டருக்குக் குறையாமலும், ஆறு மாதமாவது மீனில்லாமலோ சில மீன்களோடு மட்டுமோ பழகியதாகவும் இருப்பது நலம். துளைகள் மலிந்த பாறைகள் நிறைய வேண்டும்; பவழங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பதால், மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்த கல்லை எவர் கொடுத்தாலும் வாங்கலாகாது; சுட்ட மண்ணாலோ சிமெண்டாலோ செய்த கற்களே போதும். அருகிலேயே சிறு துணைத்தொட்டி ஒன்றில் கடற்பாசியை வளர்த்து, பெரிய தொட்டியின் நீர் அதன் வழியாகச் சுழன்று வருமாறு செய்தால், மீனின் வாய்க்கு எட்டாத அப்புகலிடத்தில் துடுப்புக்காலிகள் பெருகி, நீரோட்டத்தோடு சிறிது சிறிதாக வந்துகொண்டிருக்கும். இதே இரையைத் தேடித் தின்னும் வேறு மீன்களைக் கூட வைக்கலாகாது.

இவ்வளவும் செய்தும் ஒரு மீனின் வாய்க்கு விளைச்சல் போதாமற்போவதுண்டு. ஆதலால் 20 லிட்டர் வாளி ஒன்றில் உப்புநீர் நிரப்பி, குமிழிகள் நிதானமாக எழும்படி காற்றுக்குழாய் விட்டு, நானோகுளோராப்சிஸ் என்னும் நுண்பாசியை நீர் இளம்பச்சையாகும் வரை ஊற்றித் துடுப்புக்காலிகளைத் தனியே வளர்க்க வேண்டும். பச்சை மறைந்து நீர் தெளிந்தால் அவை தின்று தீர்த்துவிட்டன என்று அறிந்து மீண்டும் ஊற்றலாம். ஆசைப்பட்டு அதிகமாக ஊற்றினால் நீர் அழுகிவிடும். ஓரிரு வாரங்களில் வாளியின் சுவரில் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால், வெண்புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளுவது பிரத்தியட்சமாகத் தெரியும். அவற்றில் ஒரு பாதியை நுண்சல்லடையில் வடித்து, இரவு விளக்கணைந்த பின், பம்பை அரைமணி நேரம் நிறுத்திவிட்டுப் பாறையிடுக்குகளில் விட வேண்டும்.

துடுப்புக்காலிகளுக்குத் துணை இரையாகும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலின் முட்டைகளைப் பொரிக்கவைப்பதில் சென்னையின் உஷ்ணமே நமக்கு அனுகூலம். பிற நாட்டார் சூடேற்றிப் பெறும் 28 டிகிரி இங்கே பெரும்பாலும் தானாகவே கிடைப்பதால், ஒரு நாளில் குஞ்சுகள் வெளிவந்துவிடும். மஞ்சட்கரு கரையுமுன் அவற்றைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் மீனின் தொட்டிக்கு 25 டிகிரியை ஒட்டிய நீரே இதமானது. அக்கினி நட்சத்திர நாட்களில் குளிர்விக்கும் யந்திரமில்லாமல் அதைக் காப்பது சிரமம்.

மீனை வாரந்தோறும் மேலிருந்து கவனித்து வரவேண்டும். தலைக்குப் பின்னே முதுகு திரண்டும், வயிறு மெல்லப் புடைத்தும் இருந்தால் க்ஷேமம். பக்கங்கள் உட்குழிந்து, முதுகு கூர்மையாகத் தெரியத் தொடங்கினால், அது பல நாளாகப் பட்டினி கிடந்ததன் அடையாளம். அன்றே இரையை இரட்டிக்க வேண்டும். வாளியிலுள்ள கூட்டம் ஒரே இரவில் அழிந்துபோவதும் உண்டு என்பதால் இரண்டு வாளிகளை வெவ்வேறு அறைகளில் வைத்து, மின்வெட்டு நேரத்துக்கென்று பேட்டரியால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றையும் கைவசம் வைத்திருத்தல் அவசியம்.