கணினியின் துயிலும் விழிப்பும்

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை நீண்டதை வாசகர் மறந்திரார். அக்காலத்தில் ஒருநாள் நாம் பரீட்சை வினாத்தாளொன்றை மடிக்கணினியிற் பாதியளவு எழுதிவிட்டு, பற்றரியில் எஞ்சிய மின்னைச் சிக்கனம் செய்யும் எண்ணத்துடன் மூடியைத் தாழ்த்தி வைத்தோம். கணினி உறங்குகின்றது, மின் வந்ததும் எழுப்புவோம் என்பதே நமது நம்பிக்கை. மின் வந்தது, கணினியும் எழுந்தது. ஆயின், அன்று பிறந்த குழவிபோல் எழுந்தது. வினாத்தாளின் சுவடே அதில் இல்லை. விடியும்வரை இருந்து மீண்டும் எழுதினோம். குற்றம் கணினியினுடையதன்று, கணினியின் துயில் இருவகைப்படும் என்பதை அறியாதிருந்த நம்முடையதே.

இருவகைத் துயில்

கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம் வேறு. கோப்புகளைச் சேமித்து வைக்கும் வன்தட்டு வேறு. முன்னையது கரும்பலகை; பின்னையது குறிப்பேடு. கரும்பலகை எழுத்தாவது ஒருவர் அழிக்கும்வரை நிற்கும். நினைவகத்தின் எழுத்தோ அவ்வாறு நிற்பதன்று. அது நுண்ணிய மின்னேற்றங்களாக இருந்து இடையறாது கசிகின்றது. ஆகவே ஏறத்தாழ 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அதாவது செக்கனுக்குப் பதினைந்து தடவை, அதனைப் புதுப்பித்தல் வேண்டும். மின் அற்றால் எழுத்தும் அற்றது.

'ஸ்லீப்' எனப்படும் முதல்வகைத் துயிலில் திரை, வன்தட்டு, மூளையாகிய முறைவழியாக்கி யாவும் ஓய்கின்றன. நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின் ஊட்டப்படுகின்றது. எழுப்பியதும் சில செக்கன்களில் விழித்துவிடும். ஆனால் பற்றரி தீர்ந்தால் நினைவு அனைத்தும் பாழ். நமக்கு நேர்ந்தது இதுவே.

'ஹைபர்னேற்' எனப்படும் மற்றையது ஆழ்துயில். பனிநாட்டு விலங்குகளின் குளிர்காலத் துயிலைக் குறிக்கும் சொல் இது. இதில் நினைவகத்தின் படிமம் முழுவதும் வன்தட்டில் எழுதப்பட்ட பின்னரே மின் நிறுத்தப்படுகின்றது. பிறகு பற்றரியைக் கழற்றி வைப்பினும் கேடில்லை. விழிப்பதற்குச் சற்றுக் கூடுதலான நேரம் செல்லும், அவ்வளவே.

1996 ஆம் ஆண்டில் இன்ரெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் நியமம் இவ்விரண்டையும் முறையே எஸ்3, எஸ்4 என வகுத்தது. இன்றைய மடிக்கணினிகள் சில எஸ்3க்குப் பதிலாக வேறொரு மெல்லிய துயிலை மேற்கொள்கின்றன. அதிலும் மின் தீர்ந்தால் முடிவு ஒன்றே.

உறங்கவைப்பது யார்?

கணினியைத் துயிலச் செய்வது பணிசெயல் முறைமையின் கருவாகிய 'கேர்னல்'. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் கேர்னலையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். அதன் நிரல் எவரும் படித்தறியத் திறந்து கிடப்பது.

வன்தட்டுக்குச் செல்லவேண்டி நிலுவையில் நிற்பவற்றை லினக்ஸ் முதலில் அனுப்பி முடிக்கின்றது. அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல்களை நின்ற நிலையிலேயே உறையச் செய்கின்றது. அதன்பின் சாதனங்களை உறங்கவைக்கின்றது. இதிலோர் ஒழுங்குண்டு. பிள்ளைகள் உறங்கிய பின்னரே தாய் கண்ணயர்வாள் அன்றோ? அதுபோல, யூ.எஸ்.பி. வழியாக இணைந்த விசைப்பலகை முன்னர் உறங்கும். அவ்வழியை ஆளும் கட்டுப்படுத்தி பின்னர் உறங்கும். விழிக்கும்போது தாய் முன்னெழுவாள். நிரல் எழுதுவோரும் இவற்றைப் பெற்றோர், பிள்ளை என்றே வழங்குவர்.

ஆழ்துயிலில் ஒரு சிக்கல் எழுகின்றது. படிமம் எடுக்கும்போது நினைவகத்தில் ஓர் எழுத்தும் அசைதல் கூடாது. அதற்குச் சாதனங்கள் யாவும் அடங்கியிருத்தல் வேண்டும். ஆயின், வன்தட்டும் அடங்கிவிட்டால் படிமத்தை எங்ஙனம் எழுதுவது? லினக்ஸ் இதனை நுட்பமாக அவிழ்க்கின்றது. யாவற்றையும் அடக்கி, நினைவகத்தின் பிரதியை நினைவகத்திலேயே எடுத்துக்கொள்கின்றது. பின்பு சாதனங்களை மீண்டும் எழுப்பி, அப்பிரதியை வன்தட்டில் எழுதிவிட்டு மின்னை நிறுத்துகின்றது. பிரதிக்கும் இடம் வேண்டுமாதலால், நினைவகத்தில் ஏறத்தாழப் பாதியை முன்னதாகவே ஒழித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

மறுபடி மின்னூட்டும்போது முதலில் எழுவது புதியதொரு கேர்னல். அது வன்தட்டிலுள்ள படிமத்தைக் கண்டு நினைவகத்தில் ஏற்றிவிட்டு, பழைய கேர்னலுக்கு இடம்விட்டு மறைகின்றது. வீட்டைத் திறந்து விளக்கேற்றி, வீட்டுக்காரர் வந்ததும் விலகிச் செல்லும் காவற்காரனின் தொண்டு அது.

விழிப்பே அரிது

உறங்கவைத்தல் எளிது, எழுப்புதலே அரிது. ஒவ்வொரு சாதனமும் தான் விட்ட நிலையை நினைவில் வைத்து மீளவேண்டும். கம்பியில்லா இணைப்பு அட்டையொன்று தன் கடமையிற் தவறினும் கணினி முழுவதும் திகைத்து நின்றுவிடக்கூடும். இத்திறன் 2002 ஆம் ஆண்டில் லினக்சின் மூல நிரலிற் சேர்ந்தது. செக் நாட்டவரான பாவெல் மாச்செக், போலந்து நாட்டவரான ரஃபாயெல் விசொட்ஸ்கி முதலியோர் அதன்பின் பல்லாண்டுகள் இதனைச் செப்பனிட்டனர்.

மற்றுமோர் எச்சரிக்கை. ஒரே கணினியில் இரு பணிசெயல் முறைமைகளை வைத்திருப்போர், ஒன்று ஆழ்துயிலில் இருக்கும்போது அதன் கோப்புகளை மற்றையதால் மாற்றுதல் ஆகாது. நெடுநாட் கழித்து ஊர் திரும்பியவன், காணி பங்கிடப்பட்டதை அறியாமற் பழைய எல்லையிலேயே வேலியடைத்தால் என்னாகும்? விழித்தெழும் கேர்னலும் பழைய நினைவையே நம்பி எழுதும், கோப்புகள் சிதையும்.

மாணவர்க்கு ஒரு சொல். சிறிது நேரம் விலகுவதாயின் முதல்வகைத் துயில் போதும். நெடுநேரம் மின் வராதெனின் ஆழ்துயிலே தக்கது. படிமத்தை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டு முதல்வகைத் துயிலில் ஆழும் கலப்பு முறையும் லினக்சில் உண்டு. எதை மேற்கொள்ளினும், எழுதியதைக் கோப்பிற் சேமித்த பின்னரே மூடியைத் தாழ்த்துங்கள். கேர்னல் காப்பது கணினியின் நிலையை. நம் உழைப்பைக் காப்பது நம் கடனேயாம். அன்று இரண்டாம் முறை எழுதிய வினாத்தாளை, ஒவ்வொரு வினா முடிவிலும் சேமித்தே எழுதி முடித்தோம்.