பாதுகாப்புத் தளவாடத் தொழிலில் தகவற் காப்பு

போர் விமானம் எதுவும் ஒரே தொழிற்சாலையில் முழுதும் உருவாவதில்லை. அதன் உடலை ஒரு ஸ்தாபனம் இணைக்கிறது. எஞ்சினை மற்றொன்று அளிக்கிறது. திருகாணிகளையும் தாங்கிகளையும் குழாய் இணைப்புகளையும் எண்ணற்ற சிறு பட்டறைகள் கடைந்து கொடுக்கின்றன. இப்பட்டறைகள் ஒவ்வொன்றுக்கும் வரைபடம், அளவுப் பட்டியல், உலோகக் கலவையின் விவரம், பரிசோதனை முறை ஆகியவற்றுள் வேலைக்கு வேண்டியவை அனுப்பப்படுகின்றன. முற்காலத்தில் இவை தாள்களாக இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. பெட்டியின் சாவி எவரிடம் இருக்கிறது என்பது மேலதிகாரிக்குத் தெரியும். இன்றோ இவையெல்லாம் கம்ப்யூட்டரில் கோப்புகளாக உறைகின்றன.

இந்த மாறுதலால் விளைந்த அபாயம் ஒன்றை முதலில் மனத்திற் கொள்ளுதல் அவசியம். தாள் திருடப்பட்டால் அது இருந்த இடம் வெறுமையாகிவிடும். ஆகவே திருட்டு வெளிப்படும். கோப்பு திருடப்பட்டாலோ மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரதி மட்டுமே வெளியேறும். பறிகொடுத்தவர் தாம் பறிகொடுத்ததை அறியாமலே மாதக்கணக்கில் வேலை செய்து கொண்டிருக்கக்கூடும்.

ஓர் ஆஸ்திரேலிய உதாரணம்

இவ்வாறு நிகழ்ந்த சம்பவம் ஒன்றை ஆஸ்திரேலிய அரசின் சமிக்ஞைத் துறை அதிகாரி ஒருவர் 2017 அக்டோபரில் சிட்னி நகரில் நடந்த மாநாட்டில் விவரித்தார். சுமார் 50 பேர் வேலை பார்க்கும் சிறிய விமானப் பொறியியல் கம்பெனி ஒன்று, பெரிய ஒப்பந்தக்காரர்களுக்குக் கீழே பல படிகள் தாண்டி, பாதுகாப்புத் துறைக்கான வேலைகளைச் செய்து வந்தது. 2016 ஜூலையில் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் அந்நியர் புகுந்தனர். அந்த ஆண்டு நவம்பரில்தான் அரசுத் துறைக்குச் செய்தி எட்டியது. அதற்குள் சுமார் 30 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகள் வெளியேறிவிட்டன.

அவற்றில் எஃப்-35 போர் விமானம், பி-8 கடற்கண்காணிப்பு விமானம், சி-130 சரக்கு விமானம், வெடிகுண்டுகளை இலக்குக்குச் செலுத்தும் ஜேடாம் உபகரணம், ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல்கள் சில ஆகியவற்றைப் பற்றிய விவரங்கள் இருந்தன. கப்பல் ஒன்றின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தலைவரின் ஆசனத்திற்கும் வழிகாட்டுபவரின் ஆசனத்திற்கும் இடையே ஒரு மீட்டர் தூரம் என்பது வரை தெரிந்தது.

இவ்வளவுக்கும் காரணம் அபூர்வமான தந்திரம் எதுவும் அன்று. அக்கம்பெனியின் கம்ப்யூட்டர் ஏற்பாடு முழுவதையும் ஒரே ஒருவர் கவனித்து வந்தார். இணையத்திலிருந்து அணுகக்கூடிய மென்பொருள் ஒன்றில் இருந்த குறை ஓராண்டுக்கு முன்பே உலகறிந்தது. அதற்குரிய திருத்தம் அங்கே பொருத்தப்படவில்லை. எல்லா சர்வர்களின் நிர்வாகக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கப்பட்டிருந்தது. இணையத்தை நோக்கிய வேறு சில வாயில்களில், பயனாளர் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்றே இருந்தன.

திருடப்பட்டவை முறைப்படி இரகசியமென வகுக்கப்பட்டவை அல்ல, வியாபார முக்கியத்துவம் உள்ளவை மட்டுமே என்று அந்நாட்டு அரசு தெரிவித்தது. ஆயினும் தனித்தனியே அற்பமாகத் தோன்றும் நூறு விவரங்களை ஒருவர் ஓரிடத்தில் சேர்த்துப் படித்தால் அவற்றினின்று பெரிய இரகசியம் ஒன்றை ஊகித்துவிடலாம். ‘இரகசியம் எதுவும் எங்களிடம் இல்லை’ என்று எந்தச் சிறு பட்டறையும் சொல்வதற்கில்லை.

காக்க வேண்டியவை மூன்று

தகவற் காப்பு என்பது இரகசியம் காப்பது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். நிபுணர்கள் அதனை மூன்று அம்சங்களாகப் பிரிக்கின்றனர். உரியவர் அல்லாதார் அறியாமை முதலாவது. உரியவர் அறியாமல் தகவல் திரிக்கப்படாமை இரண்டாவது. வேண்டும்போது தடையின்றிக் கிடைத்தல் மூன்றாவது.

இரண்டாவது அம்சத்தின் முக்கியத்துவம் எளிதில் விளங்கும். அச்சு ஒன்றின் அளவில் 0.02 மில்லிமீட்டர் வரை வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். வரைபடக் கோப்பில் எவரேனும் அதனை 0.2 என்று மாற்றிவிட்டால், கடைசல்காரர் ஐயமின்றித் தவறான அச்சையே செய்வார். பரிசோதகரும் அதே கோப்பைப் பார்த்து அதனை ஏற்பார். பிழை வெளிப்படும் இடம் ஆகாயமாக இருக்கலாம். அதற்கு விலை விமானியின் உயிராக இருக்கலாம்.

இதனைத் தடுக்கக் கணித முறை ஒன்று பயன்படுகிறது. ‘ஷா-256’ என்னும் விதிப்படி எந்தக் கோப்பிலிருந்தும் 256 இரும இலக்கங்கள் கொண்ட அடையாள எண் ஒன்றைக் கணிக்கலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாள எண்ணில் ஏறக்குறையப் பாதி இலக்கங்கள் மாறிவிடும். வரைபடத்தை அனுப்புபவர் அந்த எண்ணை வேறு வழியாகத் தெரிவித்துவிட்டால், பெறுபவர் தாமே கணித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடவுச்சொல்லின் கணக்கு

ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள் 26. எட்டு எழுத்துக்களை எவ்வித ஒழுங்குமின்றி அடுக்கிக் கடவுச்சொல் அமைத்தால், 26-ஐ எட்டு முறை பெருக்கி வரும் தொகையான சுமார் 20,882 கோடி விதங்கள் கிடைக்கும். இத்தொகை மலைப்பாகத் தோன்றலாம். ஆனால் நொடிக்கு 100 கோடி விதங்களைச் சோதிக்கும் யந்திரம் ஒன்று இருப்பதாகக் கொண்டால், மூன்றரை நிமிஷத்தில் அது எல்லாவற்றையும் சோதித்துவிடும். எழுத்துக்களைப் பன்னிரண்டாக்கினால் அதே யந்திரத்திற்கு மூன்று ஆண்டுகள் தேவை. பதினாறாக்கினால் 13 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீளத்தைச் சிறிது கூட்டினால் காப்பு பல மடங்கு பெருகுகிறது. மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பது அடுக்குக்குறிப் பாடத்திற்கு நல்ல பயிற்சியுமாகும்.

ஆனால் இக்கணக்கு எழுத்துக்கள் ஒழுங்கின்றி அமைந்தால் மட்டுமே பொருந்தும். ஊரின் பெயர், பிறந்த ஆண்டு, ‘அட்மின்’ போன்ற சொற்கள் ஆகியவற்றைத் திருடர் பட்டியலிட்டு முதலிலேயே சோதிப்பர். அங்கே நீளத்தால் பயன் மிகக் குறைவு.

எனிக்மா தரும் பாடம்

ஜெர்மானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் போரின்போதும் பயன்படுத்திய எனிக்மா என்னும் மறைகுறி யந்திரம் அக்காலத்தில் வெல்ல முடியாததாகக் கருதப்பட்டது. அதன் உள்ளமைப்பை 1932-இல் மரியான் ரெயெவ்ஸ்கி என்னும் போலந்துக் கணித அறிஞர் கண்டறிந்தார். அவருக்கு இரண்டு உதவிகள் கிட்டின. ஜெர்மன் மறைகுறிக் காரியாலயத்தின் சிப்பந்தி ஒருவர் 1931 முதல் பிரெஞ்சுக்காரருக்கு விற்ற பத்திரங்கள் ஓர் உதவி. மற்றொன்று ஜெர்மானியரின் நடைமுறையிலேயே இருந்தது. செய்திக்குரிய மூன்றெழுத்துக் குறியைப் பிழை நேராதிருக்கும் பொருட்டு அவர்கள் இருமுறை அடுத்தடுத்து மறைத்து அனுப்பினர். அந்த இரட்டிப்பே கணிதத்திற்குப் பிடி கொடுத்தது. மேலும், யந்திரத்தை இயக்கியவர் சிலர் சோம்பலால் ஒரே எழுத்தை மும்முறை அடித்துக் குறியாக வைத்தனர்.

யந்திரத்தின் வலிமையை மனிதரின் வழக்கம் வீணாக்கியது. விற்கப்பட்ட பத்திரம், மாற்றப்படாத நடைமுறை, சோம்பலான குறிச்சொல் ஆகிய மூன்றுமே இன்றைய ஸ்தாபனங்களிலும் காணப்படும் குறைகள்.

நிர்வாக முறை

ஆதலின் தகவற் காப்பில் பெரும்பகுதி அன்றாட நிர்வாகத்தையே சார்ந்தது. முதலாவதாக, ஸ்தாபனத்தில் உள்ள கம்ப்யூட்டர்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் உள்ள மென்பொருள்கள் எவை என்ற இருப்புப் பட்டியல் வேண்டும். கணக்கில் இல்லாத பொருளை எவரும் காக்க இயலாது. இரண்டாவதாக, மென்பொருளுக்குத் தயாரிப்பாளர் வெளியிடும் திருத்தங்களைத் தாமதமின்றிப் பொருத்த வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய அளவு அனுமதியே தரப்பட வேண்டும். வேலை மாறினாலோ விலகினாலோ அன்றே அதனை நீக்க வேண்டும். நான்காவதாக, முக்கியமான கோப்புகளுக்கு மறுபிரதி எடுத்து, அதனை வலையினின்று துண்டித்து வேறிடத்தில் வைக்க வேண்டும். மறுபிரதியிலிருந்து கோப்பை மீட்க முடிகிறதா என்பதை அவ்வப்போது பரிசோதித்தலும் வேண்டும்.

இரகசிய வேலைக்குரிய கம்ப்யூட்டர்களை இணையத்தோடு இணைக்காமலே வைப்பதும் வழக்கம். இதுவும் பூரணமான காப்பன்று. 2008-இல் மத்திய கிழக்கில் உள்ள தளம் ஒன்றில் அமெரிக்க ராணுவ மடிக்கணினியில் செருகப்பட்ட பென் டிரைவ் வழியாகத் தீய நிரல் ஒன்று புகுந்து, சாதாரண வலைக்கும் இரகசிய வலைக்கும் பரவியது. இதனை அந்நாட்டுத் துணைப் பாதுகாப்பு அமைச்சரே 2010-இல் வெளியிட்டார்.

நம் நாட்டின் நிலை

இந்தியாவிலும் இப்பொருள் தூரத்துச் செய்தியன்று. இந்தியக் கடற்படைக்குரிய ஸ்கார்பீன் வகை நீர்மூழ்கிகளைப் பற்றிய 22,400 பக்கங்கள் வெளியேறிவிட்டன என்று 2016 ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று அறிவித்தது. கசிவு வெளிநாட்டில் நேர்ந்ததாகத் தோன்றுகிறது என்று கடற்படை தெரிவித்தது. அவ்வகையில் முதற் கப்பலான கல்வரி, மும்பையில் கட்டப்பட்டு, 2017 டிசம்பரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. கடவுச்சொல் களவு போனால் ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். நீர்மூழ்கியின் அமைப்பை அவ்வாறு மாற்றுவதற்கில்லை. அதற்குள்ளே பணி செய்வோர் பல்லாண்டுகள் அதே கப்பலில்தான் கடலுக்குள் செல்ல வேண்டும்.

2018-இல் அறிவிக்கப்பட்ட உத்தரப் பிரதேச, தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள், லக்னோ, கான்பூர், கோயம்புத்தூர், ஓசூர் போன்ற நகரங்களின் சிறு தொழில்களையும் இத்துறைக்கு அழைக்கின்றன. ஆகவே மேற்கூறிய ஆஸ்திரேலியக் கம்பெனியைப் போன்ற பட்டறைகள் இங்கும் பெருகும்.

கம்ப்யூட்டர் சம்பந்தமான தாக்குதல்களைக் கவனிப்பதற்கு மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2004 முதல் இயங்கி வருகிறது. அது 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த கட்டளைகள், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கம்ப்யூட்டர்களின் நிகழ்வுப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன.

கம்ப்யூட்டர்களின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது புது டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு பொருந்தியிருக்க வேண்டும் என்பதும் அக்கட்டளைகளில் ஒன்று. இதன் காரணம் விஞ்ஞான ரீதியானது. திருடன் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்து அடுத்ததற்குத் தாவியிருந்தால், இரண்டின் பதிவுகளையும் ஒப்பிட்டே அவன் வழியைக் கண்டறியலாம். கடிகாரங்கள் பத்து நிமிஷம் முரண்பட்டால் எது முன், எது பின் என்பது விளங்காது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

பட்டறைகளுக்குச் செல்லும் களப்பணியாளர் யந்திரங்களைப் பார்வையிடுவதோடு சில கேள்விகளையும் கேட்கலாம். வரைபடங்கள் எந்தக் கம்ப்யூட்டரில் உள்ளன? அது இணையத்தோடு இணைந்துள்ளதா? தயாரிப்பாளர் வைத்தனுப்பிய கடவுச்சொல் மாற்றப்பட்டதா? சென்ற ஆண்டு விலகிய ஊழியரின் கணக்கு நீக்கப்பட்டதா? இவற்றைக் கேட்பதற்குக் கம்ப்யூட்டர் நிபுணத்துவம் தேவையில்லை.

தவறு செய்தவரை நடத்தும் முறையும் முக்கியமானது. சந்தேகத்திற்குரிய மின்னஞ்சலைத் திறந்துவிட்ட குமாஸ்தா தண்டனைக்கு அஞ்சி மௌனமாக இருந்தால், திருடனுக்கு மாதங்கள் கிடைக்கும்; உடனே சொன்னால் அவனுக்குக் கிடைப்பவை சில மணி நேரமே. தவறை ஒளிக்காமல் தெரிவிப்பவரைக் கடிந்து கொள்ளாத காரியாலயமே உண்மையில் காப்புள்ள காரியாலயம்.

இப்பழக்கம் பள்ளியிலேயே தொடங்கத் தக்கது. தன் கடவுச்சொல்லைத் தோழனுக்குக் கொடுக்காத மாணவனும், கணக்கில் நேர்ந்த பிழையைத் தானே எழுந்து சொல்லும் மாணவியும், நாளை ஏதேனும் ஒரு பட்டறையில் வரைபடக் கோப்பைத் திறக்கப் போகிறவர்கள். கடலுக்கு அடியிலும் ஆகாயத்திலும் இருப்பவர்களின் உயிர் ஓரளவேனும் அவர்கள் கையில் இருக்கும்.