எல்லைக்கு அடியில் ஒரே நீர்

சான் பேத்ரோ என்பது புனித பேதுருவின் பெயரைத் தாங்கிய ஓர் ஆறு. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் தோன்றி, வடக்கு நோக்கிப் பாய்ந்து, அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனாவுக்குள் நுழைகிறது. மழையற்ற மாதங்களில் இந்த ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து ஊறி வரும் நீரே. மலையடிவாரங்களில் இறங்கும் மழை, மணலும் சரளையும் கலந்த அடுக்குகளில் தங்கி, மெல்ல நகர்ந்து ஆற்றை வந்தடைகிறது. ஆகவே அளவுக்கு மீறி ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்தால் ஆறும் மெலியும். அது நம் கண்ணுக்குத் தெரியவோ பல ஆண்டுகள் ஆகலாம். எல்லைக்குத் தெற்கே கானனேயா செம்புச் சுரங்கமும், வடக்கே சியரா விஸ்டா நகரமும் இந்தப் படுகையிலிருந்தே நீர் எடுக்கின்றன.

1944ம் ஆண்டு ஒப்பந்தம் கொலராடோ, ரியோ கிராண்டே ஆறுகளைப் பகிர்ந்தது. நிலத்தடி நீரை விட்டுவிட்டது. 2006ல் அமெரிக்க ஐக்கிய நாடு ஆய்வுக்கெனச் சட்டம் இயற்ற, 2009ல் இரு நாடுகளும் சேர்ந்து ஆராய இசைந்தன. சொல்வது எளிது. ஒரு பக்கம் அடி, கேலன், ஆங்கிலம்; மறுபக்கம் மீட்டர், லிட்டர், இஸ்பானியம். நிலவியல் வரைபடங்களையும் இணைக்க வேண்டியிருந்தது. 2016ல்தான் சான் பேத்ரோ பற்றிய கூட்டறிக்கை வெளிவந்தது.

2009 உடன்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. ஆய்வு முடிவுகளைக் காட்டி, ஒரு நாடு மற்ற நாட்டை நீர்ப் பயன்பாட்டை மாற்றும்படி வற்புறுத்தக் கூடாது. முதலில் இது நமக்கு ஏமாற்றமே தருகிறது. ஆனால், அந்த வரி இல்லாவிட்டால் எவராவது தம் கிணற்றுக் கணக்கைத் திறந்து காட்டியிருப்பார்களா?