உங்களுக்குத் தெரியுமா? சிறுநீர்க் குழாய்க்கும் நேரம் காலம் உண்டு

நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் சிறுநீர்க் குழாயை எப்போது பொருத்துவது? கர்ப்பிணி முழு உணர்வோடு இருக்கும்போதே, வார்டிலேயே போட்டு அனுப்பும் வழக்கம் உண்டு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்த பிறகு பொருத்துவதே சரி என்பேன். சிறுநீர்ப்பை கருப்பையின் கீழ்ப்பகுதிக்கு முன்னால் ஒட்டியே கிடக்கிறது. கத்தி படுவதும் அங்கேதான். பை காலியாக இருக்க வேண்டும், உண்மை. ஆனால் வயிற்றைத் திறக்கும்போது காலியாக இருந்தால் போதுமே, ஒரு மணி நேரம் முன்பே எதற்கு? சிறுநீர்ப் பாதைக்கு உணர்வு தரும் நரம்புகளும் அந்த ஊசியில் மரத்துவிடுகின்றன. குழாய் நுழையும் எரிச்சலோ, நுனியிலுள்ள பலூனில் 5 முதல் 10 மில்லி நீர் ஏற்றும்போது வரும் அழுத்தமோ தெரியாது.

தியேட்டரில் நேரம் வீணாகும் என்பார்கள். மருந்து நெஞ்சளவுக்கு ஏறச் சில நிமிடம் ஆகத்தானே செய்யும். குழாய் போட அதுவே போதும். பலர் முன்னால் கூச்சம் என்பது நியாயமான மறுப்பு. ஒரு திரையும், தேவையற்றவர்களை வெளியே நிறுத்துவதும் அதைத் தீர்க்கும். முழு மயக்கம் என்றால் மட்டும் கதை வேறு: மயக்க மருந்து குழந்தையிடம் அதிகம் சேருமுன் வெளியே எடுக்க வேண்டும் என்பதால் ஆயத்தங்களை முன்பே முடித்துவிடுவார்கள். குழாய் இருக்க இருக்கக் கிருமித் தொற்று அபாயமும் கூடும் என்பதால் எடுப்பதிலும் தாமதம் ஆகாது. தாய் எழுந்து நடமாடியதும் எடுக்கலாம், ஆனால் மரப்பு மருந்து கடைசியாக ஏற்றி 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி. நாள் குறித்தாயிற்றா? குழாய் எப்போது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.